பலத்த கையும் பிரிட்ஜ் ஏலமும்

சீட்டாட்டங்களுள் புத்திமான்களின் ஆட்டம் என்று பெயர் வாங்கிய பிரிட்ஜில், பதின்மூன்று சீட்டுகளை விரித்துப் பார்க்கையில் ஏஸும் ராஜாவும் ராணியுமாகக் கை நிறைந்திருந்து, அதே சமயம் எந்த ஜாதியும் அளவு கடந்து நீளாமலும் எந்த ஜாதியும் அற்றுப்போகாமலும் நான்கும் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருக்குமானால், ஆட்டத்திற்குப் புதியவர் அதைப் பரம பாக்கியமாகக் கொண்டாடுவார். பல காலம் ஆடித் தேர்ந்தவரோ சற்றே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இதை எப்படிச் சொல்லி முடிப்பது என்று யோசிக்கத் தொடங்குவார். இஸ்பேடில் ஏழு சீட்டு வைத்திருப்பவருக்கு அதைச் சொல்ல இஸ்பேடு என்ற பெயர் இருக்கிறது. சமமான கைக்காரருக்குத் தம்மிடமுள்ள பலத்தின் அளவைத் தவிர வேறொன்றும் சொல்வதற்கில்லை. அந்த அளவைச் சொல்வதற்கோ ஏலத்தில் படிகள் மிகச் சில. இத்தகைய கை அபூர்வமானதென்றும் ஒதுக்கிவிட முடியாது. நான்கு-மூன்று-மூன்று-மூன்று, நான்கு-நான்கு-மூன்று-இரண்டு, ஐந்து-மூன்று-மூன்று-இரண்டு என்ற மூன்று அமைப்புகளை மட்டும் சேர்த்தாலே நூறு கைகளில் நாற்பத்தேழுக்கு மேல் வந்துவிடுகிறது.

முந்நூற்று நான்கோ இருபத்தெட்டோ ஆடிப் பழகிய நம்மவர்களுக்கு ஏலம் கேட்பது புதிதன்று. பிரிட்ஜிலும் எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகள். மொத்தப் பிடிகள் பதின்மூன்று. முதல் ஆறு பிடிகள் கணக்கில் சேரா. ஆகவே 'ஒன்று' என்று கேட்டவர் ஏழு பிடிகளும், 'மூன்று' என்று கேட்டவர் ஒன்பது பிடிகளும் எடுப்பதாக ஒப்புக்கொள்கிறார். கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேடு என்று ஏறிச் செல்லும் வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 'நோ டிரம்ப்', அதாவது துருப்பே இல்லாத ஆட்டம். சமமான பலத்த கைக்கு இயற்கையான இருப்பிடம் இதுவே.

இந்த நோ டிரம்புக்கு ஏற்பட்ட மகிமையை அறிய, ஏலமே இல்லாத காலத்துக்குப் போகவேண்டும். 1886-இல் லண்டனில் ஜான் காலின்ஸன் என்பவர் 'பிரிட்ச், அல்லது ரஷ்ய விஸ்ட்' என்று ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்து கிளப்புகளில் பரவிய பழைய பிரிட்ஜில், சீட்டுப் போட்டவரே துருப்பைச் சொல்வார். அவருக்கு விருப்பமில்லையென்றால் கூட்டாளி சொல்வார். பிறருக்கு அதில் பேச்சில்லை. இஸ்பேடுக்குப் பிடி ஒன்றுக்கு 2 புள்ளி, கிளாவருக்கு 4, டைமனுக்கு 6, ஆட்டினுக்கு 8, துருப்பில்லா ஆட்டத்துக்கு 12 என்பது விதி. 30 புள்ளி சேர்ந்தால் ஒரு கேம். கணக்குப் போட்டுப் பார்த்தால், துருப்பில்லாமல் மூன்று பிடிகளில் 36 சேர்ந்து கேம் கிட்டுகிறது. ஆட்டினில் நான்கு வேண்டும். டைமனில் ஐந்து வேண்டும். இன்றைக்கும் உலகெங்கும் பிரிட்ஜ் ஆடுவோர் மூன்று நோ டிரம்பையும், நான்கு ஆட்டினையும், ஐந்து டைமனையும் கேமின் எல்லைகளாகக் கொண்டாடுவதற்கு மூலம் அந்தப் பழைய புள்ளி விதியில் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் எண்களை எத்தனையோ முறை திருத்தியும், இந்த விகிதத்தைக் கலைக்கத் துணியவில்லை.

அடுத்து வந்தது ஆக்‌ஷன் பிரிட்ஜ். நால்வரும் துருப்புக்காகப் போட்டியிட்டு ஏலம் கேட்கும் இம்முறை இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரிகளிடையே தோன்றியதென்பது நெடுநாளைய வழக்கு. ஒதுக்குப்புறமான ஊரொன்றில் நான்காவது ஆள் கிடைக்காமல் தவித்த மூவர் இதைக் கண்டுபிடித்தனர் என்று ஒரு கதையும் உண்டு. கதை எப்படியாயினும், 'ஜான் டோ' என்ற புனைபெயரில் 1904-இல் இதைப் பற்றிய நூல் வெளிவந்த இடம் அலகாபாத். ஏலம் வந்துவிட்டதால் பலத்த கைக்காரருக்குச் சங்கடம் பிறந்திருக்குமோ என்றால், பிறக்கவில்லை. கேட்டது ஒன்றாக இருந்தாலும் எடுத்த பிடிகள் அனைத்தும் கேம் கணக்கில் சேர்ந்துவந்தன. ஒரு நோ டிரம்ப் என்று அடக்கமாகச் சொல்லி, எதிராளிகள் அதை மிஞ்சாவிட்டால் அங்கேயே நிறுத்தி, ஒன்பது பிடிகளை எடுத்துக்கொண்டு கேமும் பெற்றுவிடலாம். உயர ஏற வேண்டிய அவசியமே இல்லாத அக்காலத்தில், கையின் பலம் ஓரளவா மிக அதிகமா என்று கூட்டாளிக்கு உணர்த்துவதற்கு யார் தலையை உடைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

அந்தச் சுகத்தைக் கெடுத்தவர் அமெரிக்கக் கோடீசுவரர் ஹாரல்ட் வாண்டர்பில்ட். பிரான்ஸில் 'பிளாஃபோன்' என்ற ஆட்டத்தில், கேட்ட பிடிகளே கேமுக்குச் சேரும் என்ற விதி ஏற்கெனவே இருந்தது. வாண்டர்பில்ட் அவ்விதியை எடுத்துத் தாமே வகுத்த புதிய புள்ளித் திட்டத்தோடு இணைத்து, 1925 அக்டோபர் இறுதியில் 'ஃபின்லாந்து' என்ற கப்பலில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமாக் கால்வாய் வழியாக ஹவானா நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, உடன் வந்த நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். காண்ட்ராக்ட் பிரிட்ஜ் பிறந்தது அந்தக் கப்பலில்தான். கேம் வேண்டுமானால் கேமைக் கேட்டே ஆகவேண்டும். ஸ்லாம் வேண்டுமானால் பன்னிரண்டையோ பதின்மூன்றையோ வாய் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டுவிட்டுத் தவறினால் அபராதம். ஒரு நோ டிரம்போடு திருப்தியடைந்த பழைய பலத்த கைக்கு இனி அந்த ஓய்வு கிடையாது. எவ்வளவு பலம் என்பதைக் கூட்டாளிக்குத் தெரிவிக்காவிட்டால், கேமும் ஸ்லாமும் கைநழுவும். தெரிவிக்கப் போய் மிதமிஞ்சி ஏறினால் உள்ளதும் போகும். நம் விஷயத்தின் சரித்திரம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

வியப்பு யாதெனில், சங்கடத்தை உண்டாக்கிய அதே மனிதர் அதற்குரிய மருந்தையும் சில ஆண்டுகளிலேயே சொல்லிவிட்டார். 1929-இல் வெளியிட்ட நூலில் வாண்டர்பில்ட், பலத்த கை எதுவாயினும் 'ஒரு கிளாவர்' என்று தொடங்குக என்றார். கிளாவர் சீட்டு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. பலம் உண்டு என்ற அறிவிப்பு மட்டுமே உண்டு. கூட்டாளியிடம் சரக்கு இல்லையென்றால் 'ஒரு டைமன்' என்பார். அதற்குப் பிறகு பலத்த கைக்காரர் ஒரு நோ டிரம்ப், இரண்டு நோ டிரம்ப் என்று தம் அளவுக்குத் தக்கபடி சொல்ல, மிகத் தாழ்ந்த படியிலேயே நிறைய இடம் மிஞ்சுகிறது. தம் பெயரால் தாமே அளித்த கோப்பையை அவர் 1932-இல் வெல்லவும் செய்தார். ஆனாலும் ஊர் அவர் பின்னே செல்லவில்லை. பந்தயப் படகுகளில் மூன்று முறை அமெரிக்கக் கோப்பையைக் காத்த அந்தச் செல்வருக்கு, தம் முறையை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் பொறுமையோ தேவையோ இருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தேவையும் திறமையும் ஒருங்கே வாய்ந்தவர் எலி கல்பர்ட்ஸன். ருமேனியாவில் பிறந்து நியூயார்க்கில் நிலைத்த அவர் 1930-இல் தம் 'நீலப் புத்தகத்தை' வெளியிட்டார். 1931 டிசம்பரிலிருந்து அடுத்த மாதம் வரை ஸிட்னி லென்ஸ் என்ற மூத்த நிபுணரோடு 150 ரப்பர்கள் ஆடி, 8,980 புள்ளி வித்தியாசத்தில் வென்று, தம் முறையே சிறந்ததென்று தேசத்தையே நம்பவைத்தார். அவருடைய அளவுகோல் 'ஆனர் டிரிக்'. ஏஸ் ஒன்று, ஏஸும் ராஜாவும் சேர்ந்தால் இரண்டு, ஏஸும் ராணியும் ஒன்றரை, துணையுள்ள ராஜா அரை. ஜாதிகள் நீண்டு துருப்போடு ஆடும் கைகளுக்கு இது பொருந்தும். சமமான கைக்கு முழுதும் பொருந்தாது. துருப்பில்லா ஆட்டத்தில் ராணியும் ஜாக்கியும் கடைசி நேரத்தில் கொடுக்கும் பிடிகள் கொஞ்சமல்ல. அவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாத கணக்கு, நோ டிரம்புக்குக் குறைபாடுள்ள கணக்கே.

இன்னொரு தொல்லையும் அம்முறையில் இருந்தது. மிகப் பலத்த கையை ஏதேனும் ஒரு ஜாதியில் 'இரண்டு' என்று தொடங்க, பலமற்ற கூட்டாளி 'இரண்டு நோ டிரம்ப்' என்று பதில் சொல்வது விதி. ஆட்டம் நோ டிரம்பிலேயே முடிந்தால், அச்சொல்லை முதலில் சொன்ன வெறுங்கைக்காரரே ஆடுபவர். ஏஸும் ராஜாவும் நிறைந்த கை டம்மியாக மேஜைமேல் விரிக்கப்பட்டுவிடும். இதன் விபரீதத்தைப் பிரிட்ஜ் ஆடாதவரும் எளிதில் உணரலாம். பலத்த கையில் இஸ்பேடு ஏஸும் ராணியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்கை மறைந்திருந்து, முதல் சீட்டு இஸ்பேடில் அதை நோக்கி வருமானால், ராஜா எங்கிருந்தாலும் இரண்டு பிடிகள் நிச்சயம். அதே கை மேஜைமேல் கிடந்தால், எதிராளி அதற்கு முன்னே அமர்ந்து இஸ்பேடைப் போடுகிறார்; பின்னே அமர்ந்தவரிடம் ராஜா இருந்தால் ராணி போயிற்று. பலத்த கையே மறைந்திருந்து ஆடவேண்டும் என்ற கொள்கை இப்படித்தான் வலுப்பட்டது.

அளவுகோலின் குறையை நீக்கிய எண்ணிக்கையோ காண்ட்ராக்டுக்கும் பத்து ஆண்டுகள் மூத்தது. 1915-இல் பிரயண்ட் மக்காம்பெல் என்ற அமெரிக்கர் ஆக்‌ஷன் பிரிட்ஜைப் பற்றி எழுதிய நூலில், ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று மதிப்பிட்டார். இதை அவர் கணித ஆராய்ச்சியால் கண்டடைந்தாரென்று நினைக்க வேண்டாம்; 'பிட்ச்' என்ற வேறொரு சீட்டாட்டத்தில் வழங்கிய மதிப்புகளை, ஞாபகம் வைத்துக்கொள்ள எளிதாயிருக்குமென்று இங்கே கொண்டுவந்து வைத்தார். அதற்கு முன் வழங்கிய ராபர்ட்ஸன் கணக்கில் ஏஸ் 7, ராஜா 5, ராணி 3 என்றெல்லாம் எண்கள் பெருத்திருந்தன. ஃபிலடெல்ஃபியா வக்கீலான மில்டன் வொர்க், மக்காம்பெல்லின் எண்ணிக்கையை நோ டிரம்பு கைகளுக்கென்று பிரசாரம் செய்யவே, அதற்கு வொர்க் எண்ணிக்கை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வொர்க்கிடம் உதவியாளராக இருந்தவர் சார்லஸ் கோரன். அவரும் வக்கீல், அவரும் ஃபிலடெல்ஃபியா. 1949-இல் அவர் வெளியிட்ட நூல், நோ டிரம்புக்கு மட்டும் வழங்கிவந்த புள்ளியெண்ணிக்கையை எல்லாக் கைகளுக்கும் விரித்தது. குறைந்த ஜாதிகளுக்கு மதிப்பிடும் பகுதியில் டொரான்டோவைச் சேர்ந்த வில்லியம் ஆண்டர்ஸன் என்ற இன்ஷூரன்ஸ் கணித நிபுணர் அவருக்குத் துணை நின்றார். சமமான கைகளுக்குக் கோரன் அமைத்த ஏணி தெளிவானது: 16 முதல் 18 வரை ஒரு நோ டிரம்ப், 22 முதல் 24 வரை இரண்டு, 25 முதல் 27 வரை மூன்று, இடையிலுள்ள 19, 20, 21 புள்ளிக்காரர் ஒரு ஜாதியைச் சொல்லித் தொடங்கி, மறு சுற்றில் நோ டிரம்பில் தாவிச் சொல்ல வேண்டும். கட்டு முழுவதிலும் இருப்பவை 40 புள்ளிகள். கூட்டாளிகள் இருவரிடமும் சேர்ந்து 26 இருந்தால் கேம். 33 இருந்தால் சிறிய ஸ்லாம். 37 இருந்தால் பெரிய ஸ்லாம். இந்த எண்களின் நியாயத்தைப் பாருங்கள். நம்மிடம் 33 என்றால் எதிராளிகளிடம் ஏழுதான். ஏழு புள்ளியில் இரண்டு ஏஸ் அடங்காது. நம்மிடம் 37 என்றால் அவர்களிடம் மூன்றே. ஓர் ஏஸுக்கும் இடமில்லை. கூட்டல் தெரிந்த எவருக்கும் எட்டும் இந்தக் கணக்கு கல்பர்ட்ஸனின் அரைகளையும் ஒன்றரைகளையும் சில ஆண்டுகளில் ஓரங்கட்டியது. 1958-இல் 'டைம்' பத்திரிகையின் அட்டையிலேயே கோரனின் படம் வந்தது.

ஏணி அழகாயிருந்தும் மேற்படிகள் குறுகலாகவே இருந்தன. ஒரு நோ டிரம்பு கேட்டவரின் கூட்டாளி, 'உம்மிடம் நான்கு இஸ்பேடு உண்டா?' என்று விசாரிக்க, ஏணி மட்டும் வழி தரவில்லை. இதனால் விளையும் நஷ்டத்திற்கு ஓர் உதாரணம் தருகிறேன். தொடங்கியவரிடம் இஸ்பேடில் ஏஸ், ராஜா, 7, 4. ஆட்டினில் 8, 3. டைமனில் ஏஸ், ராணி, 5, 2. கிளாவரில் ஏஸ், ஜாக்கி, 6. புள்ளி 18. கூட்டாளியிடம் இஸ்பேடில் ராணி, 8, 6, 2. ஆட்டினில் 9, 5. டைமனில் ராஜா, 4. கிளாவரில் ராஜா, 9, 7, 4, 3. புள்ளி 8. இருவருக்குமாக 26, கணக்குப்படி கேம் உண்டு. ஆனால் மூன்று நோ டிரம்பு ஆடினால் எதிராளிகள் ஆட்டினைப் போட்டு முதல் ஐந்து பிடிகளையும் அள்ளிவிடுவார்கள், மிஞ்சுவது எட்டு. இஸ்பேடைத் துருப்பாக்கி நான்கு கேட்டால், ஆட்டினில் இரண்டு பிடிகளே போகும்; எதிராளிகளின் ஐந்து துருப்புகளும் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருந்தால் பத்துப் பிடிகள் கைக்குள் இருக்கின்றன. நான்குக்கு நான்காய் அமைந்த துருப்பு ஒளிந்துகிடந்த பொக்கிஷம். அதைத் தோண்ட ஒரு கருவி தேவைப்பட்டது.

அக்கருவியை, கோரனின் நூலுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் தனித்தனியே செய்திருந்தார்கள். லண்டனின் மேற்கு ஹாம்ஸ்டெட் பகுதியில் ஏகால் ரோடு என்ற தெருவில் இருந்த கிளப்பில் 1930-களில் கூடிய ஜாக் மார்க்ஸ், எஸ். ஜே. ஸைமன், ஹாரிஸன்-கிரே முதலியோர் வகுத்த முறைக்குத் தெருவின் பெயரே நிலைத்தது. மிகப் பலத்த கைகளுக்கெல்லாம் 'இரண்டு கிளாவர்' என்ற ஒரே தொடக்கத்தை வைத்து, பலமற்ற கூட்டாளியை 'இரண்டு டைமன்' சொல்லவிட்டு, பிறகு இரண்டு நோ டிரம்பைப் பலத்த கையே சொல்லும்படி செய்தது அவர்களுடைய உபகாரம். 23, 24 புள்ளிகளுக்கு அப்படிச் சொன்னபின், ஒன்றுமில்லாத கூட்டாளி பாஸ் சொல்லி இறங்கிவிடலாம். மேலே சொன்ன விசாரணைக் கேள்வியையும் மார்க்ஸ் 1939-லேயே யோசித்து வைத்திருந்தார். ஆனால் அது 1946-இல்தான் அச்சேறியது. அதற்கு ஓராண்டு முந்தி, 1945 ஜூனில், 'பிரிட்ஜ் வோர்ல்ட்' பத்திரிகையில் ஸாம் ஸ்டேமன் அதே கேள்வியை எழுதிவிட்டார்: ஒரு நோ டிரம்புக்குப் பதிலாக 'இரண்டு கிளாவர்' என்றால், 'ஆட்டினிலோ இஸ்பேடிலோ நான்கு உண்டா?' என்று பொருள். ஸ்டேமனும் அதைக் கண்டுபிடித்தவரல்லர்; அவருடைய கூட்டாளி ஜார்ஜ் ரபே கண்டுபிடித்தது. எழுதியவர் பெயரே உலகில் வழங்குகிறது.

1956-இல் அதே பத்திரிகையில் ஆஸ்வால்ட் ஜேக்கபி அடுத்த படியைச் சொன்னார். லென்ஸுக்குக் கூட்டாளியாக அமர்ந்து, கல்பர்ட்ஸன் போட்டியின் நடுவிலேயே எழுந்து போனவர் இவரே. தொழிலால் இவரும் இன்ஷூரன்ஸ் கணிதர். கூட்டாளியிடம் ஐந்து ஆட்டின் இருந்தால் அவர் அதற்குக் கீழ்ப்படியான 'டைமனை'ச் சொல்ல வேண்டும். நோ டிரம்பு சொன்னவர் 'ஆட்டின்' என்பார். இவ்வளவே. பலத்த கை மறைந்தபடியே ஆடும். முதல் சீட்டு அதன் ஏஸ்-ராணியை நோக்கி வரும். ஸ்வீடனில் ஓலே வில்நர் இதைச் சில ஆண்டுகள் முன்னதாகவே எழுதியிருந்தாரென்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

இதற்கிடையே வாண்டர்பில்டின் கிளாவர் மறுபிறவி எடுத்தது. நேபிள்ஸில் யூஜீனியோ கியாரதியா அமைத்த முறையும் அதன் வழிவந்தவையும் 'ஒரு கிளாவரை'ப் பலத்த கைக்கே ஒதுக்கின. 1957 முதல் 1969 வரை பெர்முடா கோப்பைக்காக நடந்த பத்து உலகப் போட்டிகளிலும் இத்தாலியர் தோற்கவில்லை. சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் கப்பல் வியாபாரம் செய்த ஸி. ஸி. வெய், 16 புள்ளிக்கு மேற்பட்ட கைகளை எல்லாம் கிளாவரில் தொடங்கும் 'பிரிஸிஷன்' முறையை 1960-களில் வகுத்தார். அதுவரை எவரும் பொருட்படுத்தாத தைவான் அணி அதைக் கைக்கொண்டு 1969-இலும் 1970-இலும் உலக இறுதியாட்டம் வரை வந்தது. நாற்பது ஆண்டுக்கு முன் வாண்டர்பில்ட் சொன்னது சரி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

'ஒரு கிளாவரை'ப் பலத்த கைக்கென்று விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் வேறு சந்துகளைத் தேடினர். 1969-இல் டெரன்ஸ் ரீஸும் ஜெரமி ஃபிளின்டும் 'இரண்டு டைமனு'க்குள் பலவீனமான நீண்ட கையையும் சமமான பலத்த கையையும் ஒன்றாக அடைத்தனர். எதிராளியைக் குழப்புவதில் அதற்கிருக்கும் சிறப்பு, பலத்த கையை விளக்குவதில் இல்லை. மெக்ஸிகோவின் ஜார்ஜ் ரோஸன்கிரான்ஸ் 'இரண்டு டைமனை' நோ டிரம்பு ஏணியிலுள்ள இடைவெளியை நிரப்பவே பயன்படுத்தினார். கருத்தடை மாத்திரைக்கு மூலமான ரசாயனப் பொருளை 1951-இல் உருவாக்கிய ஆய்வுக் கூடத்தின் தலைவர்களுள் ஒருவர் அவர். ரசாயனக்காரருக்குரிய அளவுத் துல்லியம் அவருடைய ஏலத்திலும் தெரியும். கனடாவின் எரிக் கோகிஷ், இரண்டு கிளாவருக்குப் பின் 'இரண்டு ஆட்டின்' சொல்வதை இருபொருளாக்கி, ஆட்டினோ 25-க்கு மேற்பட்ட சமமான கையோ என்பதை அடுத்த சுற்றில் வெளியிடும்படி செய்தார். இரண்டாயிரம் கைகளில் ஒன்றுகூட 25 புள்ளியை எட்டாதிருக்க, அதற்காக இவ்வளவு ஞாபகச் சுமையா என்று கேட்பவர்களுடன் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு.

இன்று அமெரிக்காவில் பெரும்பாலோர் ஒரு நோ டிரம்பை 15 முதல் 17 என்றும், இரண்டு நோ டிரம்பை 20, 21 என்றும், இரண்டு கிளாவர் வழியாக வரும் இரண்டு நோ டிரம்பை 22 முதல் 24 என்றும் ஆடுகின்றனர். கோரனின் மூன்று நோ டிரம்புத் தொடக்கம் ஏறக்குறைய மறைந்தது. ஒரே கேள்வியில் இரண்டு சுற்று இடத்தை விழுங்கிவிட்டுக் கூட்டாளியை இருட்டில் நிறுத்திய அது மறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எந்த ஏணியை வைத்தாலும் அதன் படிகளை அளப்பது நான்கு-மூன்று-இரண்டு-ஒன்று என்ற அதே எண்ணிக்கைதான். மேலே சொன்னவர்களுள் பலத்த கைக்கு அதிகம் உதவியவர் யாரென்று கேட்டால், கல்பர்ட்ஸனையோ கோரனையோ சொல்லமாட்டேன், மக்காம்பெல்லையே சொல்வேன். அந்த எண்ணிக்கைக்கு இன்னமும் மில்டன் வொர்க்கின் பெயர்தான் வழங்குகிறது. அதை மாற்றி உரியவர் பெயரை இடுவதே முறை.